அண்ணா, பரணைக் காலி செய்துவிட்டேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டு விஷயம் உங்களுக்குத் தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதும் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. நம் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இதைப் படிக்கிறார்கள். மீதிப்பேருக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். பரணில் நீங்கள் விட்டுப்போன பொருள்களைப் பற்றி மட்டும்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ரொறன்ரோவில் எத்தனை அங்குலம் பனி என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

தொலைக்காட்சியில் தெரிகிற பஸ்களை நீங்கள் எழுதிவைத்த குறிப்பேடுகளைக் கொடுத்துவிட்டேன். எஸ்ஸெக்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பிரிஸ்டல் லோடெக்கா என்ற பழைய இரட்டைத் தட்டு பஸ் ஒன்றைக் கைக்காசு போட்டுப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார். சமையலறை மேசையில் முதல் ஏட்டைத் திறந்தவர் தேநீரை மறந்துவிட்டார். தமிழ் எழுத்து புரியாவிட்டாலும் வண்டி எண்களும் இலக்கத் தகடுகளும் புரிந்தன. நிகழ்ச்சியின் பெயர், எத்தனையாவது நிமிடம், வண்டியின் இனம், தகடு, தடம், கடைசிக் கட்டத்தில் உங்கள் தீர்ப்பு: சரி, பிழை, பொய். வெளியூர் பஸ்ஸுக்குச் சிவப்புச் சாயம் பூசி லண்டன் பஸ் என்று காட்டினால் அது பொய். இதை நான் விளக்கியதும் மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இவ்வளவு காலத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்து மகிழ்ந்த முதல் மனிதர் அவர்தான்.

கேட்காமல் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் "வைத்திரு, வந்து எடுக்கிறேன்" என்பீர்கள். கனடா போன நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வருகிறீர்கள். மகளின் வீட்டில் எனக்குக் கிடைக்கப் போவது ஓர் அறை. அதில் அம்மாவின் தையல் மெஷினை வைப்பதா, உங்கள் பஸ்களை வைப்பதா? பெரியவர் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார், ஈரம் படாத அறை வைத்திருக்கிறார். என்னிடம் இருந்ததை விட அவரிடம் நன்றாக இருக்கும். இருந்தாலும் அவருடைய கார் தெருமுனை திரும்பியபோது ஏதோ களவு செய்ததுபோல இருந்தது. நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். நான் நினைத்துக்கொண்டது போதும்.

உங்களோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது ஒரு தண்டனை, அண்ணா. எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். 'தி ஸ்வீனி' மறு ஒளிபரப்பில் போலீஸ்காரர்கள் கள்ளனைத் துரத்துவார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். நீங்கள் மட்டும் "கொஞ்சம் நகரடா" என்று கதாநாயகனைத் திட்டுவீர்கள், அவனுக்குப் பின்னால் போகிற பஸ்ஸின் தகடு மறைகிறதாம். கதாநாயகன் ஏறுகிற பஸ்ஸை ஊரே பார்க்கும், பின்னால் தெரியாமல் போகிறதே, அதுதான் நம்முடையது என்பீர்கள். அந்த ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகிக் கிடந்தது.

பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டீர்கள். லண்டனின் சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்ஸான ரூட்மாஸ்டரின் பக்கவாட்டில் நடுவே ஒரு குட்டி ஜன்னல் இருந்தால் அது ஆர்.எம்.எல்., 30 அடி நீளம், 72 இருக்கை. குட்டி ஜன்னல் இல்லையென்றால் சாதாரண ஆர்.எம்., 64 இருக்கை. ஒற்றைத் தட்டு பஸ்ஸின் கூரையில் பின்பக்கம் ஒரு பெட்டி புடைத்திருந்தால் லேலண்ட் நேஷனல். அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெப்பமூட்டும் கருவி. 1963இலிருந்து 1983 வரை தகட்டின் கடைசி எழுத்து ஆண்டைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அந்த எழுத்து முன்னால் வந்துவிட்டது. பஸ்ஸின் ஏறும் வாசல் வலப்பக்கம் தெரிந்தால் படச்சுருளை யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள். எஸ்.எம்.கே. 760 எஃப் என்றால் ஆர்.எம்.எல். 2760, கடைசியாகக் கட்டிய ரூட்மாஸ்டர் என்பதை என் மகள் ஏழாம் வாய்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தாள். பள்ளியில் ஆசிரியை என்னை அழைத்துக் கேட்டார். என்ன பதில் சொல்வது?

காலப்பிழைதான் உங்களுக்குப் பெரிய பாவம். 1957இல் நடக்கிற கதையில் தெரு நிறைய ரூட்மாஸ்டர் ஓடினால், மாதிரி வண்டிகளைத் தவிர 1959 வரை அது சேவைக்கே வரவில்லை என்று இரவு முழுவதும் புலம்புவீர்கள். போர்க்காலக் கதையில், ரூட்மாஸ்டருக்கு முந்தின ஆர்.டி. பஸ் நின்றால் இன்னும் மோசம். போர் முடிவதற்கு முன்னால் வந்த ஆர்.டி. 151தான், இன்று படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1947க்குப் பின் பிறந்தது. குண்டு விழுகிற காட்சியில் அம்மா கண்ணீர் விடுவார். நீங்கள் பஸ்ஸின் பிறந்த ஆண்டைச் சொல்வீர்கள். 1989இல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் ஆலன் பிராட்லி பிளாக்பூலில் டிராமில் அடிபட்டுச் செத்தபோது நாடே பேசியது. டிராம் கணக்கில் சேராது என்று நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

'ஆன் தி பஸ்ஸஸ்' நகைச்சுவைத் தொடர் மட்டும் விதிவிலக்கு. அதில் லக்ஸ்டன் என்ற ஊரும் கம்பெனியும் கற்பனை. லண்டன் டிரான்ஸ்போர்ட் ஒத்துழைக்க மறுத்ததால் வுட் கிரீனில் ஈஸ்டர்ன் நேஷனலின் பச்சை பிரிஸ்டல்களை வைத்து எடுத்தார்கள். கற்பனை ஊர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் பொய் இல்லையாம். பச்சை, பச்சையாகவே இருந்தது என்று உங்களுக்கு அவ்வளவு மரியாதை. இன்ஸ்பெக்டர் பிளேக் முறைக்கும்போது அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தச் சிரிப்புக்காக அந்தத் தொடரின் மற்றக் குப்பைகளையெல்லாம் மன்னிக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் சிவப்புப் புள்ளியைப் பெரியவருக்கு விளக்கிவிட்டேன், ஆகவே படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஆர்.டி. குடும்பத்து பஸ்கள் ஏறத்தாழ 7,000 ஓடின. அதில் லேலண்ட் செய்தவை ஆர்.டி.எல்.; அதைவிட அரை அடி அகலமானவை ஆர்.டி.டபிள்யூ., மொத்தம் 500. பழசானதும் அவற்றில் பலவற்றை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கிக் கப்பலேற்றியது. வெள்ளவத்தையில் நம் வீட்டுக்கு முன்னால் காலி வீதியில் போன இரட்டைத் தட்டு பஸ்கள் அவைதான். முன் ஆசனத்தில் அப்பா உங்களை உட்காரவைப்பார், எனக்கு எப்போதும் அவர் மடி. எந்த வண்டி எங்கே விற்கப்பட்டது என்று ஆங்கிலேயர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நீங்கள் பழைய நிகழ்ச்சிகளில் லண்டன் தெருக்காட்சி வரும்போதெல்லாம் தேடினீர்கள். இலங்கைக்குப் போன வண்டி ஒன்று திரையின் ஓரத்தில் கடந்து போனால் தகட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. நாம் ஏறின வண்டியாக இருக்கலாம். நிச்சயமில்லை, ஆனால் இருக்கலாம் என்பீர்கள்.

அதனால்தான் 2009 எனக்கு ஆறவே இல்லை.

ஏப்ரல் 11. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அந்த வாரம் முழுக்க, வன்னியில் போரை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் கிடந்தார்கள். திங்கட்கிழமை இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்து உட்கார்ந்தபோது நானும் போயிருந்தேன். திரும்பி வந்து சொன்னேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "அப்படியென்றால் 159ஆம் தட பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்பினார்கள்?" அன்று சிரித்துவிட்டேன். சனிக்கிழமை சிரிக்க முடியவில்லை. ஊர்வலம் முடிந்து, கால் வீங்கி, தொண்டை கட்டி, வாசலில் செருப்பைக் கழற்றினால் முன்னறையில் 'டாக்டர் ஹூ' ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருக்கிறது. மணல்வெளி நடுவே மேல் தட்டு நசுங்கிய சிவப்பு பஸ். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குந்தியிருந்தீர்கள்.

"பிரிஸ்டல் வி.ஆர்.," என்றீர்கள், திரும்பிப் பார்க்காமல். "இதைப் போய் லண்டன் பஸ் என்கிறான். 2009இல் லண்டனில் வி.ஆர். ஏது? அதுவும் 200ஆம் தடமாம். 200 ரேன்ஸ் பார்க் பக்கம் போகிற ஒற்றைத் தட்டு."

நான் எதுவும் பேசவில்லை. நீங்கள் நிறுத்தவில்லை. துபாயில் படம் பிடித்தார்களாம். துறைமுகத்தில் கொள்கலன் ஒன்று பஸ் மேல் விழுந்து நசுங்கிவிட்டதாம். வேறு வண்டி கொண்டுபோக நேரமில்லாமல் கதையையே மாற்றி எழுதினார்களாம். எனக்கு அந்தத் திரையில் துபாய் தெரியவில்லை. அந்த நாள்களில் வன்னியிலிருந்து வந்துகொண்டிருந்த படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், கடற்கரை மணலில் என்னென்ன கிடந்தன என்று. அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

தொலைக்காட்சியை அணைத்தேன். பிள்ளைகள் முன்னால் உங்களை ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை மச்சாள் மறக்கவில்லை என்று தெரியும். நான் திரும்பப் பெறவும் இல்லை. அன்றைக்கு அது பொருத்தமான வார்த்தை. நீங்கள் ஊர்வலத்துக்கு வராததற்கு ஒரு காரணம் உண்டு. அது நம் இருவருக்கும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. முழங்கால் என்று ஊருக்குச் சொன்னோம், அதுவே இருக்கட்டும்.

நீங்கள் என்னை எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனீர்கள். வெந்நீரும் உப்பும் போட்ட பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தீர்கள். புறங்கையை விட்டுச் சூடு பார்த்தீர்கள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினீர்கள். மறுபடி கையை விட்டுப் பார்த்தீர்கள். பிறகு என் பாதத்தைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டே, "வி.ஆர். என்றால் எஞ்சின் பின்னால், நிமிர்ந்தபடி. கார்ட்னர் எஞ்சின் அண்ணளவாகச் சாகவே சாகாது" என்றீர்கள். அந்த நேரத்தில் உங்கள் தலையில் பேசினைக் கவிழ்த்திருக்க வேண்டும். காலை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவு இதமாக இருந்தது.

ஏடுகளைக் கட்டும்போது அந்தத் தேதியைத் தேடினேன். பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள்: பிரிஸ்டல் வி.ஆர்., லண்டன் வேடம், மேல் தட்டு சேதம், பொய். வேறு ஒன்றும் இல்லை. ஒரு கோடு அழுத்தமாக இருக்குமா, ஓரத்தில் ஏதாவது இருக்குமா என்று விளக்குக்கு நேரே பிடித்தும் பார்த்தேன். அடுத்த வரியில் ஈஸ்டர் திங்கள், ஏதோ துப்பறியும் தொடர், ரூட்மாஸ்டர், சரி. உங்களுக்கு எப்படி முடிந்தது? உண்மையாகவே கேட்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரியவர் பக்க எண் பார்க்கிறவர், விட்டுவிட்டேன்.

நீங்கள் வந்த புதிதில், 1979 ஏப்ரல் 7, கடைசி ஆர்.டி. பார்க்கிங் (Barking) டிப்போவிலிருந்து 62ஆம் தடத்தில் ஓடியதைப் பார்க்க வேலைக்குப் போகாமல் நின்றீர்கள் அல்லவா? அதைப் பற்றி எனக்கு எழுதிய கடிதமும் அந்தப் பெட்டியில் இருந்தது. குளிர் பற்றி ஒரு வரி, சாப்பாடு பற்றி அரை வரி, பஸ் பற்றி மூன்று பக்கம். "இங்கே ஓய்வு பெறுகிறது, அங்கே அப்பா இன்னும் இதில்தான் வேலைக்குப் போகிறார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தைப் பெரியவருக்குக் கொடுக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

இப்போது செய்ய வேண்டியவை. சில தகடுகளுக்குப் பக்கத்தில் நீல மையில் சின்ன வட்டம் இருக்கிறது. அது என்னவென்று பெரியவர் கேட்கிறார். எனக்குத் தெரியாது. அவருடைய மின்னஞ்சல் முகவரியை மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன், நீங்களே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், பஸ்ஸைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

வீடியோ கேசட்டுகளை அவர் எடுக்கவில்லை. நாடா முழுக்கப் பூஞ்சை. கவுன்சில் லொறி புதன்கிழமை வருகிறது. ஏதாவது வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமைக்குள் பெயரைச் சொல்லுங்கள், தேடி எடுத்து அனுப்புகிறேன். தபால் செலவு உங்களுடையது.

அன்புத் தங்கை
ஈஸ்ட்ஹாம்