செயலாளரின் ஆண்டறிக்கை: மூச்சின் கட்டுப்பாடு குறித்து நிகழ்ந்த கூட்டங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கவிருப்பதால், இவ்வறிக்கை ஆய்வுப் பணியை மட்டுமே எடுத்துரைக்கிறது.

மூச்சை எது ஆள்கிறது என்ற கேள்விக்கே அதிக நேரம் செலவிட்டோம். உடலியலாளர்களான ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கினோம். நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளான நுண்ணறைகளின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சற்றே கூடினாலும் மூச்சு உடனே ஆழமாகிறது என்றும், ஆக்சிஜனோ வெகுவாகக் குறைந்த பிறகே அத்தகைய விளைவைத் தருகிறது என்றும் அவர்கள் காட்டியிருந்தனர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவை உணரும், கழுத்திலுள்ள கரோட்டிட் உறுப்பு குறித்த ஆய்வுக்காக உடலியலாளர் ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் நரம்பணுத் தொகுதி மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் அடையாளம் காணப்பட்டதோ 1991-இல்தான். இடையில் இத்தனை காலம் சென்றது வியப்புக்குரியது. கருவிகளின் போதாமையே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

கடும் விவாதம் எழுந்தது மூச்சுக் குழாய்கள் குறுகிக் காற்றோட்டம் தடைபடும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் (COPD) பற்றியே. இந்நோயாளிகளுக்கு ஆக்சிஜனை மிகுதியாகக் கொடுத்தால், ஆக்சிஜன் குறைவால் எழும் மூச்சுத் தூண்டல் அணைந்து, கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும் என்ற விளக்கத்தையே நம்மில் பலரும் படித்து வந்திருக்கிறோம். அது முழு உண்மையன்று. ஆக்சிஜன் குறைந்த பகுதிகளில் சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் மீண்டும் விரிவதால், காற்று சரிவரப் போகாத இடங்களுக்கு ரத்தம் திரும்புகிறது என்பதும், ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் முன்னளவு கார்பன் டை ஆக்சைடைச் சுமக்க இயலாது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இவற்றுள் இரண்டாவதை விளக்கியவரும் அதே ஹால்டேன்தான் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

விளக்கம் எதுவானாலும் நடைமுறை முடிவு தெளிவாகவே உள்ளது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் சிகிச்சை பெற்ற 405 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான சோதனையில், மிகுதியான ஆக்சிஜன் பெற்றோரில் 9 விழுக்காட்டினரும், 88 முதல் 92 விழுக்காடு என்ற ரத்த ஆக்சிஜன் செறிவை இலக்காக வைத்து அளவோடு பெற்றோரில் 4 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆக்சிஜனை அறவே நிறுத்திவிடுவதும் ஆபத்தே என மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தியதைக் குறிப்பேட்டில் பதிந்துள்ளேன்.

நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் பரப்புப்படலம் (surfactant) பற்றி ஒரே கூட்டம் நடந்தது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இப்படலப் பொருளின் குறைவே காரணம் என ஆய்வாளர்கள் ஏவரியும் மீடும் 1959-இல் காட்டியதிலிருந்து, ஃபுஜிவாரா குழுவினர் 1980-இல் அதைச் செயற்கையாக அளித்து வெற்றி கண்டது வரை வாசிக்கப்பட்டது.

நோயாளியைக் கருவியில் ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. நோயாளி முழு வலுவோடு ஊதாவிட்டால் எண்கள் பொருளற்றவை; அந்த ஊக்குவிப்பைப் பேச்சாலன்றிச் செய்முறையால்தான் கற்பிக்க முடியும். ஆகவே வரும் ஆண்டில் இதற்கு இரு கூட்டங்களை முழுமையாக ஒதுக்கும் தீர்மானத்தை முன்வைத்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்