கன்டீனை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலர் என்னைக் கண்டிருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கைகழுவப் பழக்கிய ஆள்தான் நான். பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் படிப்பித்தது சம்பளத்துக்கு. பாடசாலை பாடசாலையாகத் திரிந்தது என் பைத்தியம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, சுவரொட்டிச் சுருள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவேன்.

சில வேலைகள் பலித்தன. குழாயடியில் வைக்கும் சவர்க்காரத்தைக் காகம் தூக்கிக்கொண்டு போகிறது என்று அதிபர்கள் முறையிட்டார்கள். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டோம். காகம் தோற்றது. (நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை எதுவும் அந்த வலைப்பை அளவுக்குப் பயன்படவில்லை.)

உணவு விடயத்தில் தோற்றவன் நான்தான். எங்கே தோற்றேன் என்று விளங்கவே பல ஆண்டு பிடித்தது.

ஒரு பாடசாலையில் போசணை வினாடிவினா நடத்தினேன். குளிர்பானப் போத்தலில் இருக்கும் நிற வட்டம் எதற்கு என்று கேட்டேன். ஏழாம் தரப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு" என்றாள். 2016 ஓகஸ்டில் வந்த விதி அது. பெரியவர்கள் பலருக்கே தெரியாது. பரிசாகக் கொப்பி கொடுத்தேன். இடைவேளை மணி அடித்தது. கன்டீன் வாசலில் அதே பிள்ளை. ஒரு கையில் ரோல்ஸ். மற்றக் கை முதுகுக்குப் பின்னால். போத்தல் மூடி மட்டும் தெரிந்தது. "வேறொன்றும் இல்லை சேர்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கன்டீன் நடத்தும் பெண்ணிடம் கேட்டதற்கு அவர் சொன்னார்: "கௌபி அவித்து வைத்தேன் சேர். இந்த வெயிலுக்குப் பதினொரு மணிக்கே நூல்விடுகிறது. மிஞ்சினால் மாட்டுக்குத்தான். போத்தல் மூன்று மாதம் கிடந்தாலும் போத்தல்தான். சங்கத்துக்கு வாடகை கட்ட வேண்டுமே."

வாடகை எவ்வளவு என்று சொன்னார். அதற்குமேல் அவரிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கன்டீனைக் குத்தகைக்கு எடுக்க வரும் கேள்வி மனுக்களை (டெண்டர்) திறக்கும்போது யார் கூடுதலாகத் தருகிறார் என்பதை மட்டும்தான் பார்க்கிறீர்கள். வென்றவர் அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்? கெட்டுப்போகாத, இலாபம் கூடிய பொருளிலிருந்துதான். கன்டீனில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று சொல்லும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன் கீழேயே போத்தல் அடுக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் அது அலுமாரிக்குள் போய்விடும். சிவப்பு இல்லை, மஞ்சள்தானே என்றும் ஆறுதல்பட வேண்டாம்: 100 மில்லிலீற்றரில் 10.9 கிராம் என்றாலும் மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலில் அது ஏறக்குறைய 44 கிராம், பத்துத் தேக்கரண்டிக்கு மேல். வளர்ந்தவரே நாளொன்றுக்கு 25 கிராமோடு நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்த வாடகையில்தான் விளையாட்டுப் போட்டி நடத்துகிறோம் என்பீர்கள். தெரியும். பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கப் பந்தல் போடும் காசு, பிள்ளைகள் குடித்த சீனியிலிருந்து வருகிறது.

அடுத்த ஆண்டுக்கு வாடகையை நீங்களே குறைவாக நிர்ணயித்துவிடுங்கள். போட்டி உணவுப் பட்டியலில் நடக்கட்டும்: கௌபி, கடலை, இலைக்கஞ்சி, அவித்த சோளம், பருவத்துக்குப் பாலைப்பழம், நாவற்பழம். தயிருக்குப் பேர்போன ஊரில் பிள்ளைக்கு ஒரு கோப்பை மோர் கிடைக்காதது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எத்தனை பேருக்குக் கஞ்சி என்று வகுப்புத் தலைவர்கள் முதல் நாளே எழுதிக் கொடுத்தால் பானையில் மிஞ்சாது.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். சுவரொட்டி கொண்டுவர மாட்டேன். அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதிய கணக்குக் கொப்பி கையில் இருக்கிறது: கௌபி ஒரு கிலோ, தேங்காய், விறகு, விற்றது, மாட்டுக்குப் போனது என்று வரி வரியாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய மருத்துவ விரிவுரையாளர்,
மட்டக்களப்பு