மலருக்கு, அந்தப் பட்டியலைப் பற்றி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. 42 வயதில் ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாடு என்று மருத்துவர் சொன்னதும் ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் பயம் என்று எழுதியிருந்தாய். தம்பிக்கு இதே பிரச்சினை என்று தெரிந்தபோது எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் உன் நாத்தனார் கொடுத்த பட்டியலைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். சீனியை விடு, மைதாவை விடு, பாலை விடு, மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம் என்கிறாராமே. தயவுசெய்து மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

சாப்பாட்டால் உனக்கு இது வரவில்லை. தம்பியைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது அவனுடைய தொடக்கப்பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தைத்தான். பெரியவர்களுக்கு இந்தக் குறைபாடு என்று சொல்ல வேண்டுமானால், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டுமாம். அம்மா அந்த ரிப்போர்ட் புத்தகத்தைக் கொங் குவான் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். “கெட்டிக்காரன், ஆனால் கவனம் நிலைப்பதில்லை” என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். நீயும் தொடக்கநிலை நான்கில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்து திட்டு வாங்கியவள்தானே. அப்போது வீட்டில் சோறும் ரசமும்தான் சாப்பிட்டாய்.

சீனி விஷயத்தில் ஓர் ஆய்வு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1994-இல் அமெரிக்காவில் செய்தது. சீனி சாப்பிட்டால் தங்கள் பிள்ளை ஆட்டம் போடுவான் என்று நம்பிய அம்மாக்களை அழைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது சீனியே இல்லாத செயற்கை இனிப்பு. ஆனால் பாதி அம்மாக்களிடம் மட்டும், நிறைய சீனி கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை அதிகம் துறுதுறுவென்று இருப்பதாக மதிப்பெண் போட்டார்கள். பிள்ளை பக்கத்தைவிட்டு நகராமல் நின்று, அதிகமாகக் குறையும் சொன்னார்கள். உன் தட்டையே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று முடிவு சொன்னார்கள். அதற்காகச் சீனியை அள்ளிப்போடச் சொல்லவில்லை. நம் இரண்டு குடும்பத்திலும் நீரிழிவு இருக்கிறது, குறைக்க அந்த ஒரு காரணம் போதும். இங்கே 2022 இறுதியிலிருந்து போத்தல் பானங்களில் சீனி, கொழுப்பு அளவுக்கு ஏற்ப ‘ஏ’ முதல் ‘டி’ வரை நியூட்ரி கிரேடு போடுகிறார்கள். தம்பி இப்போது ‘டி’ எழுத்தைக் கண்டால் எடுப்பதில்லை. அவனுடைய கவனத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடாமல் இருந்தால் சரி.

செயற்கைச் சாயத்தைப் பற்றிய பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. 2007-இல் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம், சில சாயங்களும் சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளும் கலந்த பானத்தைக் குடித்த பிள்ளைகளிடம் துறுதுறுப்பு சற்றுக் கூடியதாகக் கண்டது. 2010 முதல் ஐரோப்பாவில் அந்தச் சாயங்கள் உள்ள பொருள்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆனால் அது பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, பாதிப்பும் சிறியது. வளர்ந்தவர்களுக்கு அதை அப்படியே பொருத்திப் பேசக் கூடாது.

எங்கள் வீட்டில் நான் பார்த்தது வேறு. சாப்பாடு கவனத்தைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கவனக் குறைபாடு சாப்பாட்டைக் கெடுப்பதை யாரும் சொல்வதில்லை. தம்பி தேக்கா சந்தையில் ஆசையாக முருங்கைக்கீரை வாங்கி வருவான். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைத்தால் அதோடு மறந்துபோகும். ஒரு வாரம் கழித்து நான் இழுத்துப் பார்த்தால், பைக்குள் கறுப்புத் தண்ணீர்தான் இருக்கும். கண்ணில் படாதது அவனுக்கு இல்லாத மாதிரி. அப்புறம் மாத்திரை. அவன் சாப்பிடும் மெத்தில்பெனிடேட் பசியை அடக்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஓடுவான், மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வரும். மாலையில் மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் எரிச்சல், தலைவலி. இரவு ஒன்பது மணிக்கு நின்றபடியே பிஸ்கட், மீ கோரெங் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சாப்பிடுவான். இதைப் பார்த்து ‘நாக்கைக் கட்டு’ என்று சொன்ன உறவினர்கள் எத்தனை பேர்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இப்போது இட்லியோ முட்டைத் தோசையோ முதலில், மாத்திரை அதற்கப்புறம். அவன் மருத்துவரிடம் கேட்டுத்தான் அப்படி மாற்றினோம். அவித்த முட்டை, கடலை, நறுக்கிய பழம் எல்லாம் கண்ணாடி டப்பாவில், கதவைத் திறந்ததும் தெரியும் தட்டில். கீரையை வாங்கிய அன்றே ஆய்ந்துவிடுகிறோம். மதியம் பசிக்காவிட்டாலும் போன் மணி அடித்தால் பாதி டப்பாவாவது காலியாக வேண்டும். நான்கு மணிக்கு மேல் கோப்பி இல்லை. தூக்கம் கெட்டால் மறுநாள் எந்த மாத்திரையும் சரியாக உதவாது. இதனால் அவன் குறைபாடு போய்விடவில்லை. ஆனால் மாலையில் அவனோடு பேச முடிகிறது, மலர். அது எனக்குப் பெரிய விஷயம்.

வைட்டமின் மாத்திரை பற்றிக் கேட்டிருந்தாய். நியூசிலாந்தில் ஜூலியா ரக்லிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு, 80 பெரியவர்களை வைத்து எட்டு வாரம் சோதித்து 2014-இல் வெளியிட்டது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, வைட்டமின், தாது கலவை சாப்பிட்டவர்களும் அவர்களோடு கூட இருந்தவர்களும் அதிக முன்னேற்றம் தெரிந்தது என்றார்கள். மருத்துவர்கள் போட்ட ஏடிஎச்டி மதிப்பெண்ணில் மட்டும் வித்தியாசம் இல்லை. நம்பிக்கை தருவதுதான், மருந்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள அது போதாது. மீன் எண்ணெயும் அப்படியே: பலன் இருந்தாலும் சிறிதுதான் என்கிறார்கள்.

உன் விஷயத்தில் நான் கவலைப்படுவது இரும்புச்சத்தையும் பி12-ஐயும் பற்றி. கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு வேண்டும். மாதவிலக்கில் உனக்கு ரத்தப்போக்கு அதிகம், சாப்பிட்ட கையோடு தே (தேநீர்) வேறு குடிப்பாய். தே இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. நீ முழுச் சைவம், முட்டையும் தொடுவதில்லை. பி12 உனக்குப் பாலிலும் தயிரிலும்தான் கிடைக்கிறது. பட்டியலைக் கேட்டு அதையும் விட்டால் மறதியும் சோர்வும் கூடும், பழி ஏடிஎச்டி மேல் விழும். ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, தைராய்டு மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிடு. பார்க்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதே, அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

இங்கே மற்றபடி எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்து, காலையில் கீழே இறங்கி நடக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஜூன் விடுமுறையில் ஈப்போ வர நினைத்திருக்கிறேன், தம்பியும் வருகிறேன் என்கிறான். உன் நாத்தனார் மேல் கோபப்படாதே, அவர் உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். வந்ததும் நானே அவரிடம் பேசுகிறேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களோடு எழுது.

அன்புடன்,
கலா