வாசல் விளக்கு எரியட்டும்

அன்புள்ள கண்ணா,

புது வீட்டில் உனக்கு இது முதல் ஹாலோவீன். கொலம்பஸ் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நேரத்தை ஊர் நிர்வாகமே முன்கூட்டி அறிவித்துவிடும். பெரும்பாலும் மாலை 6 முதல் 8 வரை. ஒஹாயோவில் சில ஊர்களில் அக்டோபர் 31-க்கு முந்தின நாளே நடப்பதும் உண்டு, 'பெகர்ஸ் நைட்' என்பார்கள். தேதியை இப்போதே பார்த்து வை.

எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டில் கேள். நூறு பேர் என்றால் ஃபன் சைஸ் என்னும் குட்டி மிட்டாய் 200 போதும், ஆளுக்கு இரண்டு. ஏழு மணிக்குள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் ஒன்றாகக் குறைத்துக்கொள்.

கிண்ணத்தை நீட்டி "எடுத்துக்கோ" என்று சொல்லாதே. பிடித்ததைத் தேடிக் கிளறிக்கொண்டு நிற்பார்கள், பின்னால் வரிசை நீளும். நீயே எடுத்துப் பையில் போடு. கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனால் முதலில் வரும் கூட்டத்தோடு காலியாகிவிடும்.

அலர்ஜி விஷயத்தில்தான் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்னிக்கர்ஸ், ரீஸஸ் இரண்டிலும் வேர்க்கடலை உண்டு. அவற்றை மற்றதோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வை. பெரிய அளவில் கடலை கலக்காத மிட்டாய், சின்ன அளவில் கடலையும் புழங்கும் வேறு ஆலையில் தயாராகியிருக்கலாம். அதனால் வாங்கும் பையின் லேபிளையே படி. அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்காக ஸ்டிக்கர், பென்சில், ஒளிரும் வளையல் என்று இருபது முப்பது சாமானும் வாங்கி வை. அவை இருப்பதற்கு அடையாளமாக வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணி வைப்பது 2014 முதல் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கெட்டி மிட்டாய் கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாயில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கிட்டில்ஸ் கொடு.

மிட்டாய் கேட்கும்போது வழக்கமாகச் சொல்லும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்பதைச் சில பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். பேச்சு வராத குழந்தையாக இருக்கலாம், கூச்சமாகவும் இருக்கலாம். சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல் கொடுத்துவிடு. வேஷம் போடாமல் வரும் பெரிய பையன்களுக்கும் கொடு. கொலுவுக்கு வந்தவரைச் சுண்டல் இல்லாமல் அனுப்புவோமா?

உள்ளே விளக்கு வைக்கும் பூசணியை இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் போதும், அதற்கு முன் வெட்டினால் அழுகிவிடும். மூடியைக் கத்தி சாய்த்து வெட்டு, நேராக வெட்டினால் உள்ளே விழும். தீபாவளி அகல் விளக்கை அதற்குள் ஏற்றாதே. தரையில் புரளும் வேஷத் துணி நெருப்பில் பட்டால் நொடியில் பற்றும். பேட்டரி மெழுகுவர்த்தி வை. நடைபாதையில் தண்ணீர்க் குழாய், ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. முகமூடி போட்டவர்களுக்குக் கீழே இருப்பது தெரியாது.

நாயைப் பின்னறையில் அடைத்து வை, சாக்லேட் அதற்கு விஷம். அந்த இரண்டு மணி நேரம் காரை எடுக்காதே.

மிட்டாய் தீர்ந்ததும் வாசல் விளக்கை உடனே அணைத்துவிடு. எரியும் விளக்கை நம்பித்தான் பிள்ளைகள் படியேறி வருவார்கள்.

அன்புடன்,
அம்மா