முகம் துடைத்துவிட்ட அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

மலையகத் தோட்டத்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) விட்டு எழும்பச் சொல்லப்பட்ட குடும்பங்களோடு நின்றதற்காகப் படப்பிடிப்பிலிருந்து பொலிஸ் பிடித்துக்கொண்டு போன நான், பிணை கிடைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்கி எழும்பியும் ஆயிற்று. போனைத் திறந்தால் செய்திகள் மளமளவென்று கொட்டுகின்றன. ஒவ்வொருவருக்கும் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். நாலைந்து பேருக்கு எழுதுவதற்குள் கண் கலங்கி எழுத்தே தெரியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரு மடல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நடந்த கதையை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் வாயை அடக்கி வை என்று என் சட்டத்தரணியும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். லயத்தை விட்டு எழும்பச் சொல்லப்பட்ட குடும்பங்கள் இன்னும் அதே காம்பராக்களில்தான் இருக்கின்றன, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இப்போதைக்கு அது போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என்னை யாரும் அடிக்கவில்லை. உங்களில் நிறையப் பேர் பகிர்ந்த அந்தப் படத்தில், கன்னம் கன்றிப்போய் உதட்டோரம் ரத்தத்தோடு நான் ஜீப்பிலிருந்து இறங்குகிறேனே, அது படப்பிடிப்பில் போட்ட வேஷம். அன்றைக்கு எனக்குக் கணவனிடம் அடிவாங்கிய பெண்ணின் பாத்திரம். மேக்கப் அண்ணன் காலையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து மெழுகும் சாயமும் வைத்துச் செய்த காயம் அது. கலைக்க நேரம் கொடுக்காமல் அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்பினால்தான் பகிர்ந்தீர்கள், தெரியும். இருந்தாலும் அழித்துவிடுங்கள். நடக்காத அடியைச் சொல்லி ஒருவருக்கு அனுதாபம் தேடினால், நடந்த அடியைச் சொல்ல வரும் அடுத்த பெண்ணை யார் நம்புவார்கள்?

இந்த நியாயம் எனக்கு நானாக உதித்ததில்லை. நீதிமன்றத்து விறாந்தையில் ஓர் அக்கா சொல்லிக் கொடுத்தது. அவருக்குத்தான் இந்த மடலில் முதல் நன்றி.

காலையில் அந்த விறாந்தை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கறுப்புக் கோட்டுகள், கோப்புக் கட்டுகள், சுவரோரம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். என்னை ஒரு வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் பொலிஸ். இரவெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அந்தக் காயம் போகவில்லை, ஓரங்கள் மட்டும் பிய்ந்து இன்னும் கோரமாகத் தெரிந்தது. வாசலில் இரண்டு கமெரா. உள்ளே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், யாரும் கிட்ட வரவில்லை. சினிமாக்காரி, பொலிஸ் கேஸ், யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

அந்த அக்கா வந்தார். சாயம் போன சேலை, கையில் ஒரு சொப்பிங் பேக். பெண் பொலிஸிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டுவிட்டு என் முன்னால் குந்தினார். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், பல் வைத்தியர் பார்ப்பதுபோல. விரலால் காயத்தைத் தடவினார்.

“இது பொய்க் காயந்தானே?”

“ஆமாங்க அக்கா. ஷூட்டிங்ல போட்டது.”

“இதோட நீதவான் ஐயா முன்னுக்குப் போய் நிக்காதீங்க தங்கச்சி. பொலிஸ் அடிச்ச மாதிரி நடிக்கிறீங்கன்னு சொல்லிப்புடுவாங்க. அப்புறம் நீங்க சொல்ற உண்மையும் பொய்யாப் போயிரும்.”

பேக்குக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். பொலித்தீன் துண்டு வைத்து இறப்பர் பட்டி போட்டு மூடிக் கட்டிய அரைப் போத்தல் தேங்காயெண்ணெய். வரும்போது டவுனில் வாங்கியது, வீட்டுச் சமையலுக்கு. நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகளுடைய லேஞ்சியை (கைக்குட்டையை) எடுத்து எண்ணெயில் நனைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எடுத்தார். மெழுகு இளகி வந்தது. இழுக்கவில்லை, தோலை நோகடிக்கவில்லை. பழகின கை.

“எங்கப்பா காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுவாரு. விடியக்காலயில அரிதாரத்தோட வந்து வாசல்ல குந்துவாரு. அம்மா இப்படித்தான் எண்ண வச்சித் தொடப்பாங்க. நானுந்தான் தொடச்சிருக்கேன்.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நான் நடிக்க வந்ததற்கே காரணம் அந்தக் கூத்து ஆடும் காமன் பொட்டல்தான். மாசி மாதம் பிறை பார்த்துக் கம்பம் ஊன்றியதிலிருந்து, தப்பு மேளச் சத்தம் கேட்டால் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. எரிந்துபோன மன்மதனுக்காக ரதி அழும்போது, அழுவது சாயங்காலம் வரை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஓர் ஆம்பிளை என்று தெரிந்தும் கிழவிகள் முந்தானையால் கண் துடைப்பார்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய காலம். நானும் ரதி கட்டுகிறேன் என்று ஒரு வருசம் போய்க் கேட்டு, சிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்த ரதிகளில் ஒருவருடைய மகள்தான் என் முகத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வந்தது அவருடைய சொந்த வழக்குக்கு. தாபரிப்பு வழக்கு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளைக்கும் தனக்கும் மாதக் காசு கேட்டுப் போட்டது. சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் மலையிலிருந்து இறங்கி பஸ் பிடித்து வர வேண்டும். வந்தால் அன்றைக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. 2024இல் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று போட்டார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், மலைக்கே போகாவிட்டால் ஒன்றுமில்லை. கணவன்காரன் வரவில்லை என்று அன்றைக்கும் அவருக்கு இன்னொரு தவணைதான் போட்டார்கள். பேரையும் விட்டு, பஸ் காசும் கொடுத்து, எண்ணெயில் பாதியை என் முகத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

துடைத்து முடித்ததும் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “எனக்கு நெசமாவே இருந்திச்சி. அதையே நம்பல” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுவரை போத்தல் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் பொலிஸ் “தென் ஹொந்தய்” (இப்போது நல்லாயிருக்கு) என்றார். அவருக்கும் நன்றி. விறாந்தையில் என்னவோ நடக்கிறதே என்று எட்டிப் பார்த்த கமெராக்காரர்களுக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்றதும் அவர்தான்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன். காசு வாங்காமல் ஆஜரான சட்டத்தரணிகளுக்கு. சரீரப் பிணைக்குக் கையெழுத்துப் போட்ட ஆசிரியருக்கும் சித்தப்பாவுக்கும். எங்கள் லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, கடிதம்கூட தோட்ட ஆபீசுக்குத்தான் வரும், அப்படிப்பட்ட விலாசத்தை வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் சான்றிதழ் எடுக்க அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. எனக்காகப் படப்பிடிப்பை நிறுத்திவைத்து நட்டத்தைத் தாங்கிய இயக்குநருக்கு. கூட்டறிக்கையில் பெயர் போட்ட சிங்கள, முஸ்லிம் நடிகர்களுக்கு. உங்களுக்கும் வாய்ப்புப் போகும் என்று தெரிந்தே போட்டீர்கள். இரவெல்லாம் வாசலில் நின்ற ஓட்டோ அண்ணன்மாருக்கு. சாயத்தண்ணி போத்தலை நிரப்பி நிரப்பி அனுப்பிய கடைக்கார நானாவுக்கு. கனடாவிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் போன் எடுத்து அம்மாவை அழவிடாமல் பேசிக்கொண்டிருந்த சொந்தங்களுக்கு. பெயர் விட்டுப்போனவர்கள் நேரில் வந்து சண்டை பிடியுங்கள், தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன்.

வாக்குமூலத்தை மொழிபெயர்த்துத் தர மழையில் நனைந்து வந்த சிங்கள டீச்சருக்குத் தனியாக ஒரு வரி. எனக்குச் சிங்களம் பேச வரும், வசனம் பேசி நடித்தும் இருக்கிறேன். சட்டச் சிங்களம் வேறு. விளங்காத தாளில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்ததைச் சிலர் திமிர் என்று எழுதியிருந்தார்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு 1987இலேயே தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது. அதைக் கேட்பது திமிர் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனதும், இலங்கையும் இந்தியாவும் எங்களைப் பங்கு போட்ட 1964 ஒப்பந்தத்தோடு அம்மாயி இங்கேயும் அவர் தங்கச்சி கோத்தகிரியிலுமாகப் பிரிந்ததும் தாள்களால்தான். அம்மாயி கைநாட்டு வைத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று சாகும் வரை அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் பிறந்தவள் வாசித்துக் காட்டாத தாளில் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?

நடித்தோமா போனோமா என்று இருக்காமல் உனக்கெதற்கு இந்த வேலை என்று அக்கறையோடு கேட்டவர்களும் உண்டு. ஒப்பந்தத்தை ரத்துச் செய்துவிட்டு அதே கேள்வியைக் கேட்ட தயாரிப்பாளரும் உண்டு. நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. 1986இல் மும்பையில் சஞ்சய் காந்தி நகர் குடிசைகளை இடித்தபோது அந்த மக்களோடு உண்ணாவிரதம் இருந்தவர் இந்தி நடிகை ஷபானா ஆஸ்மி. 2022 டிசம்பரில் ஈரானில் போராட்டக்காரர்களுக்கு ஆதரவாக நின்ற நடிகை தரானே அலிதூஸ்தியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2023 ஜனவரியில் அவர் பிணையில் வந்தபோது பூச்செண்டோடும் சிரித்த முகத்தோடும் நண்பர்கள் சூழ நின்ற படத்தை நான் போனில் சேமித்து வைத்திருந்தேன். அவர்கள் பெரிய நட்சத்திரங்கள், எனக்கும் அவர்களுக்கும் எட்டாத தூரம். நம் மலையிலேயே பார்த்தால் மீனாட்சியம்மை இருக்கிறார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் தொடங்கிய கணவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பேச்சைவிடப் பாட்டுத்தான் நம் ஆட்களுக்கு ஏறும் என்று கூட்டங்களில் பாடினார். கலையும் உரிமையும் தனித்தனி அறையில் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இனி நான் செய்யப்போவது. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் தாபரிப்பு வழக்குக்கு வரும் பெண்களோடு அந்த விறாந்தையில் போய் உட்காரப்போகிறேன். தனியாக வருபவருக்குத் துணைக்கு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குச் செலவுக்கு என்று நீங்கள் அனுப்பிய பணத்தில் மிச்சம் இருக்கிறது. அதை அவர்களுடைய பஸ் காசுக்கும் போன பேருக்கும் கொடுக்கலாமா என்று கேட்கிறேன், வேண்டாம் என்பவர்கள் சொல்லுங்கள், உங்கள் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நாங்கள் போடும் வீதி நாடகத்திலும் ஒரு காட்சி கூடுகிறது: பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும், எதில் கையெழுத்து வைக்கக்கூடாது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம். பாட்டாகத்தான் வரும். தப்பு அடிக்கத் தெரிந்த தங்கச்சிகள் இருந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள், எங்களிடம் இருப்பவரெல்லாம் தாத்தாமார்.

ஒரு வேண்டுகோள். அந்த அக்கா யார், எந்தத் தோட்டம் என்று தேடாதீர்கள். அவர் எனக்கு முகம் துடைக்கும் படம் ஒன்றும் யாரிடமோ இருக்கிறதாம். இருப்பவர் தயவுசெய்து போட வேண்டாம். அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. எதிர்த்தரப்பு அதை எப்படித் திருப்பும் என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க் காசைச் சட்டத்தரணி மூலமாகக் கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் தரம் எண்ணெயாகவே அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது, கூடவே ஒரு கட்டு கீரையும். கடைசியில் சொல்லி அனுப்பியது இதுதான்: படம் முடிந்ததும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பிள்ளைமடுவத்து (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்து) சுவரில் போட்டுக் காட்ட வேண்டும், அந்த அடிவாங்கினவள் கடைசியில் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். இயக்குநரிடம் சொன்னேன். எழுதி வைத்திருக்கும் முடிவில் அவள் கணவனோடு சேர்ந்துவிடுகிறாள். மனுசன் இரண்டு நாளாகத் தாடியைச் சொறிந்துகொண்டு திரிகிறார்.

அன்போடும் நன்றியோடும்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை