பல்லு இடுக்கக் காட்டப் போனோம், டாக்டர் பாத்தது வேற

டேய் ரவி,

உன் மெயில படிச்சேன். பையன் இன்னும் விரல் சூப்புறான், முன்பல்லு ரெண்டும் முன்னாடி தள்ளிக்கிட்டு வருது, வீட்ல கிளிப் டாக்டர்கிட்ட காட்டலாம்னு சொல்றாங்க, நீ என்னடான்னா பால் பல்லெல்லாம் விழட்டும் பன்னெண்டு வயசுக்கு மேல பாத்துக்கலாம்னு சொல்ற, இதுல என்னை பஞ்சாயத்து பண்ணச் சொல்ற. நல்ல நேரத்துலதான் கேட்ட, போன வாரம்தான் பாப்பாவ மொத தடவையா ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட, அதான் கிளிப் டாக்டர்கிட்ட, கூட்டிட்டுப் போய்ட்டு வந்தோம். என் தீர்ப்பு பாதி உன் வீட்டம்மா பக்கம், பாதி உன் பக்கம். எப்படின்னு சொல்றேன் கேளு.

எங்க கவலை வேற மாதிரி. பாப்பாவுக்கு எட்டு வயசு, மேல முன்பல்லு ரெண்டும் மொளைச்சு நடுவுல நல்லா இடுக்கு, சிரிச்சா மொதல்ல அதான் தெரியும். பாக்குறவங்க எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டாங்க, எங்கம்மா தினமும் விரலால பல்ல அமுக்கி விடச் சொல்லி உயிரெடுத்தாங்க. அந்த இடுக்கக் காட்டத்தான் போனோம். டாக்டரம்மா அதப் பாத்துட்டு, இது இந்த வயசுக்கு சாதாரணம்தான்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. மேல ரெண்டு கோரைப்பல்லு இன்னும் எலும்புக்குள்ள உக்காந்துட்டு பக்கத்துப் பல்லோட வேர அழுத்திக்கிட்டு இருக்குமாம், அதனால வேரெல்லாம் ஒண்ணா நெருங்கி பல்லோட முனை விசிறி மாதிரி விரிஞ்சு நிக்குது, பதினொண்ணு பன்னெண்டு வயசுல கோரைப்பல்லு கீழ எறங்குறப்ப பெரும்பாலும் இடுக்கு தானா மூடிக்கும். நடுவுல எக்ஸ்ட்ரா பல்லு ஏதாவது ஒளிஞ்சிருக்கா, மேல் உதட்டுக்கு உள்பக்கம் ஈறோட ஒட்டியிருக்கிற சதை தடிப்பா எறங்கியிருக்கான்னு மட்டும் பாத்தாங்க, ரெண்டும் இல்ல.

அதுக்கப்புறம்தான் விஷயமே. "வாய நல்லா தொற, இப்ப மெதுவா மூடு, பல்லோட பல்லு பட்டதும் நிறுத்து"ன்னு சொன்னாங்க. பட்டுச்சு, நிறுத்துனா. "இப்ப முழுசா கடி"ன்னதும், டேய், கீழ்த் தாடை அப்படியே இடது பக்கம் சறுக்கிப் போய் உக்காந்துச்சு! திரும்பத் திரும்ப கடிக்கச் சொல்லி கண்ணாடில எங்களுக்கும் காட்டுனாங்க, வாய் தொறந்திருக்கப்போ மேல் முன்பல்லு நடுக்கோடும் கீழ நடுக்கோடும் நேரா இருக்கு, கடிச்சதும் கீழ்க்கோடு ஒதுங்கிப் போயிடுது. எட்டு வருஷமா தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடுற பிள்ளை, ஆனா மூடுன வாயத்தான பாத்திருக்கோம், எங்கேர்ந்து தெரியும்.

இதுக்குப் பேரு கிராஸ்பைட். மேல் கடைவாப்பல்லு கீழ்ப்பல்லுக்குக் கொஞ்சம் வெளிய உக்காரணும், இவளுக்கு இடது பக்கம் உள்ள உக்காருது. மேல்தாடை கொஞ்சம் குறுகலா இருக்கறதால பல்லும் பல்லும் முட்டிக்குது, வசதியா கடிக்க தாடை தானா ஒரு பக்கம் ஒதுங்குது, வளர்ற வயசுல வருஷக் கணக்கா அப்படியே ஒதுங்கிக் கடிச்சா தாடையும் ஏறுக்கு மாறா வளர வாய்ப்பிருக்குன்னு சொன்னாங்க. வலி கெடையாது, பாக்க அசிங்கமும் கெடையாது, அதான் வீட்ல யாருக்கும் தெரியாம ஓடிட்டு இருந்திருக்கு.

அப்புறம் ஓபிஜி எக்ஸ்ரே, அதாவது ரெண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்துல தெரியுற எக்ஸ்ரே. ஆள நிக்க வச்சு சின்ன குச்சி மாதிரி ஒண்ணக் கடிக்கச் சொல்லிட்டாங்க, மெஷின் தலையச் சுத்தி வந்துச்சு, அவ்ளோதான். ஸ்கிரீன்ல படம் வந்ததும் பாப்பா பயந்துட்டா. பால் பல்லு ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு பெரிய பல்லு எலும்புக்குள்ள காத்துக்கிட்டு இருக்கு, கோரைப்பல்லு ரெண்டும் மூக்குப் பக்கத்துல எங்கயோ உச்சில இருக்கு. "எனக்குள்ள இவ்ளோ பல்லா?"ன்னு கேட்டா. டாக்டரம்மா எங்கள விட்டுட்டு அவகிட்டயே ஒவ்வொண்ணாக் காட்டி இது எந்த வயசுல வரும் அது எந்த வயசுல வரும்னு சொன்னாங்க, எனக்கு அந்த ஆள ரொம்பப் புடிச்சதே அதனாலதான், பிள்ளையோட வாயப் பத்தி பிள்ளைகிட்டயே பேசுறவங்க கம்மி. அளவெடுக்க முன்ன மாதிரி வாயி நெறைய பேஸ்ட்டு அப்பாம பேனா மாதிரி ஒரு கேமராவ உள்ள விட்டு ஸ்கேன் பண்ணிட்டாங்க. சில இடத்துல இன்னும் பேஸ்ட்டுதான், உங்க டாக்டரும் அப்படின்னா பையனுக்கு கொமட்டிக்கிட்டு வரும், தலைய முன்னாடி சாய்ச்சு மூக்கால மூச்சு விடணும்னு முன்கூட்டியே சொல்லி வை.

இப்ப உன் பன்னெண்டு வயசுக் கணக்குக்கு வர்றேன். மேலண்ணம் ஒரே எலும்பு இல்லடா, நடுவுல ஒரு தையல் கோடு போட்ட ரெண்டு பாதி. சின்ன வயசுல அந்தக் கோடு எளகலா இருக்கும், வயசுக்கு வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறுகிடும். அதனால இப்பன்னா அண்ணத்துல ஒரு எக்ஸ்பேண்டர் ஒட்டி, அதுக்கு நடுவுல இருக்கிற ஸ்க்ரூவ சின்ன சாவியால நாமளே வீட்ல திருப்புனா, ஒரு திருப்புக்கு கால் மில்லிமீட்டர்னு மெதுவா தாடையே அகலமாகும். பெரியவங்களானப்புறம் இதே வேலைக்கு ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியிருக்கலாம். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் ஏழு வயசுக்குள்ள ஒரு தடவை காட்டிடுங்கன்னு சொல்றதுக்கு காரணம் இந்த மாதிரி கேஸுங்கதான். அந்த வயசுல மொத பெரிய கடைவாப்பல்லும் முன்பல்லும் வந்துடும், கடி எப்படி உக்காருதுன்னு பாக்கறதுக்கு அது போதும்.

இதுல காமெடி என்னன்னா, எக்ஸ்பேண்டர் திருப்பத் திருப்ப முன்பல்லு இடுக்கு இன்னும் பெருசாகுமாம்! ரெண்டு பாதியும் வெலகும்போது அதது மேல நிக்கிற பல்லும் வெலகத்தான செய்யும். அதான் வேலை நடக்குதுன்னு அடையாளம், திருப்பறத நிறுத்துனதும் பல்லுங்க தானா ஒண்ணா நெருங்கிடும்னு சொன்னாங்க. இடுக்க மூடப் போன எங்களுக்கு இத எங்கம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னுதான் இப்ப பெரிய கவலை. திருப்பி முடிச்சப்புறமும் உடனே கழட்ட மாட்டாங்க, நடுவுல புது எலும்பு ரொம்பி கெட்டியாக சில மாசம் வாய்லயே இருக்கணும். ஆரம்பத்துல எச்சில் ஊறும், ச ச-ன்னு பேச்சு கொழறும், பாப்பா இப்பவே கண்ணாடி முன்னாடி அந்தக் கொழறல ப்ராக்டிஸ் பண்றா.

உன் பையன் கேஸுக்கு வருவோம், இங்கதான் உன் பக்கம் பாதி தீர்ப்பு. முன்பல்லு தூக்கிட்டு இருக்கிற பிள்ளைங்களுக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சு ரெண்டு கட்டமா கிளிப் போட்டாலும், பெரிய பல்லெல்லாம் வந்தப்புறம் ஒரே கட்டமா போட்டாலும், கடைசில பல்லு வரிசை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வருதுன்னு ஆராய்ச்சிங்கள்ல பாத்திருக்காங்க. சீக்கிரம் ஆரம்பிக்கறதுல உருப்படியான லாபம் ஒண்ணு, கீழ விழுந்தா முன்பல்லு ஒடையற ஆபத்து கொறையும், தூக்கிட்டு இருக்கிற பல்லுதான மொதல்ல அடி வாங்கும். உன் பையன் ஓடுற ஓட்டத்துக்கு அது சின்ன விஷயம் இல்ல. அதனால இப்பவே கிளிப் போட்டே ஆகணும்னு யாராவது அவசரப்படுத்துனா தலையாட்டிட்டு வந்துடாத, இப்ப செய்யாம விட்டா என்ன கெடும், அதை அப்புறம் சரி பண்ண முடியுமா முடியாதான்னு நேரா கேளு. நானும் அதத்தான் கேட்டேன், கிராஸ்பைட்டுக்கு ஒரு பதில் வந்துச்சு, இடுக்குக்கு வேற பதில் வந்துச்சு. நெறைய பிள்ளைங்களுக்கு மொத விசிட்ல ஒண்ணும் செய்யறதே இல்ல, ஆறு மாசம் கழிச்சு கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிடுவாங்க, அதுக்காக போனது வேஸ்ட்டுன்னு நெனைக்காத.

ஆனா விரல் சூப்புறது மட்டும் தள்ளிப்போடுற சமாச்சாரம் இல்ல. பெரிய முன்பல்லு வந்தப்புறமும் தொடர்ந்தா மேல்பல்ல வெளிய தள்ளி, அண்ணத்தையும் குறுக்கிடும், சில பிள்ளைங்களுக்கு கடைவாப்பல்ல கடிச்சாலும் முன்னாடி பல்லு ஒண்ணோட ஒண்ணு படவே படாது. சீக்கிரம் விட்டுட்டா நெறைய தானாவே சரியாகும். கசப்பு தடவுறது, நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கறது இதெல்லாம் வேணாம்டா, எப்ப சூப்புறான்னு கவனி, தூங்கறப்பவா டிவி பாக்கறப்பவா, அவனே விடணும்னு நெனைச்சாதான் நடக்கும். அவனுக்கும் ஆசை இருந்து முடியலன்னா, பல்லுக்குப் பின்னாடி சின்ன கம்பித் தடுப்பு வச்சு உதவி பண்ணுவாங்க. ராத்திரி வாயத் தொறந்து தூங்குறானா, குறட்டை விடுறானான்னும் பாத்து வச்சுக்க, எங்ககிட்ட அதக் கேட்டாங்க, அப்படி இருந்தா மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டணும்.

அப்புறம் உன் பால் பல்லு தத்துவம், விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்னு எழுதியிருக்க பாரு, அது சுத்தத் தப்பு. பால் கடைவாப்பல்லு சொத்தையாகி சீக்கிரமே புடுங்கிட்டா பின்னாடி இருக்கிற பெரிய பல்லு முன்னாடி நகந்து வந்து அந்த எடத்தப் புடிச்சுக்கும், அப்புறம் வர வேண்டிய பல்லு வழி இல்லாம கோணலா மொளைக்கும். புடுங்க வேண்டி வந்தா எடம் புடிச்சு வைக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் தேவையான்னு கேட்டுட்டு அப்புறம் புடுங்கு.

கடைசியா ரகசியமா கேட்டிருக்கியே, உனக்கு இந்த வயசுல கிளிப் போடலாமான்னு. தாராளமாப் போடலாம்டா, ஈறும் எலும்பும் ஆரோக்கியமா இருந்தா பல்லு எந்த வயசுலயும் நகரும், ஒரு மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்க, ஆனா முடிஞ்சப்புறம் பல்லு பழைய எடத்துக்கே திரும்பிப் போகாம புடிச்சு வைக்கிற ரிட்டெய்னர ஒழுங்கா மாட்டணும், உன் ஒழுங்கு எனக்குத் தெரியும். அந்தத் தெத்துப்பல்லு இல்லாத உன்ன என்னால நெனைச்சுக்கூடப் பாக்க முடியல, காலேஜ்ல அதுக்குன்னே ஒரு ரசிகர் கூட்டம் இருந்துச்சு, வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணு.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, அத ஒரு வரி கூட எழுதல நீ. பையன கூட்டிட்டுப் போனா என்ன சொன்னாங்கன்னு உடனே எழுது, எக்ஸ்ரே எடுத்தா போட்டோ அனுப்பு, பாப்பா தன்னோடதையும் அவனோடதையும் வச்சு யாருக்கு பல்லு அதிகம்னு எண்ணணுமாம்.

உன்,
முத்து