செயலாளரின் ஆண்டறிக்கை: குடும்ப வரலாற்று ஆர்வலர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உறுப்பினர்கள் கொண்டுவந்த பழைய கடிதங்களில்தான் இந்த ஆண்டின் பெரும்பகுதி கழிந்தது.

எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் விவரம் தெரியும் என்பதால் கடிதத்தில் எதற்கும் விளக்கம் இருக்காது. 'பெரியவன் வந்து போனான், அந்த விஷயம் முடிந்தது' என்று ஒரு வரி. எந்தப் பெரியவன், என்ன விஷயம்? நம்மிடம் வந்த ஒரு கடிதக் கட்டில் தலைமுறைக்கு ஒரு பெரியவன் இருந்தான். ஒரு வீட்டில் மிஞ்சுவது அந்த வீட்டுக்கு வந்த கடிதங்கள் மட்டுமே. அவற்றுக்கு எழுதிய பதில்கள் சம்பந்தி வீட்டுப் பெட்டியில் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாகச் சேர்த்து அடுக்கியபின்தான் ஆட்கள் பிரிந்து தெரிந்தார்கள். கையெழுத்தை வைத்து ஊகிப்பதைவிட இதுவே பலன் தந்தது.

தேதியிலும் சிக்கல்தான். 'பிரபவ' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1867இல் தொடங்கியதா, 1927இலா, 1987இலா? அறுபது ஆண்டுச் சுழற்சியில் மூன்றும் பிரபவ வருடங்களே. தபால் அட்டை என்றால் 1867 அடிபட்டுப் போகும். உலகின் முதல் தபால் அட்டை ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869இல்தான் வெளிவந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தால் 1927உம் போய்விடும். லாஸ்லோ பீரோ தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1938இல். தபால் முத்திரை தெளிவாக இருந்தால் இவ்வளவு பாடே இல்லை. அதனால் தபால்தலைக்காக உறையைக் கத்தரித்துக் கொடுத்துவிடாதீர்கள். (வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே கத்தரித்திருந்தால், சரி, அந்த ஆல்பத்தையும் கொண்டுவாருங்கள்.)

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் வேண்டாம். டேப்பின் பசை மஞ்சள் கறையாக இறங்கும்; லேமினேஷனைப் பின்னால் பிரிக்க முடியாது.

கடன், சண்டை பற்றிய சில கடிதங்களை வெளியிட வேண்டாம் என்று ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். செயற்குழுவில் நீண்ட வாக்குவாதம். காகிதம் வாங்கியவருக்குச் சொந்தமானாலும், அதிலுள்ள எழுத்தை வெளியிடும் உரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோதான் உண்டு. ஆகவே படியெடுத்து மூடிவைப்பது என்று முடிவானது. என்னைக் கேட்டால், அந்தக் கடன் கடிதங்களில்தான் குடும்பம் ஊர் மாறிய காரணமே இருக்கிறது.

வரும் ஆண்டில் பெயர் அட்டவணை தயாரிக்கிறோம். அப்புறம் ஒன்று: கட்டை அவிழ்த்து, கடிதங்களை வரிசை மாற்றிக் கொண்டுவர வேண்டாம். சேர்த்துக் கட்டியிருந்த விதமும் ஒரு தடயம்தான்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்